சிசேரியனுக்கு ஒரு ஊசி போதும் என்று மாமியாருக்கு எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில், களுவாஞ்சிக்குடிப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறது.

சிக்கலில்லாத சிசேரியனுக்குத் தொற்றுத் தடுப்பாக ஒரே ஒரு தடவை அன்டிபயோட்டிக் ஊசி போதும். பெரும்பாலும் செபசோலின், வயிற்றைக் கீறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். மருந்து குழந்தைக்கும் போய்விடும் என்று முன்பெல்லாம் தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே போட்டார்கள். இதுவரை எழுதிவிட்டேன். மாமியார்மாரை என்ன செய்வது? "வயிற்றை வெட்டியவளுக்கு ஐந்து நாள் மருந்துகூட இல்லையா?" என்று பாமசிக்கு ஆள் அனுப்புகிறார்கள். அண்மையில் போன ஒரு வீட்டில், தலையணைக்கடியில் கடதாசி உறைக்குள் மிச்சக் கப்சூல்கள் கிடந்தன.

மகப்பேற்று விடுதித் தாதியரே, மருந்தாளர்களே, நீங்கள் இவர்களிடம் எப்படிச் சொல்கிறீர்கள்? தொற்று ஏற்கெனவே இருந்தால் கொடுப்பது தடுப்பு மருந்தல்ல, சிகிச்சை. வைத்தியர் சொன்ன நாள்வரை அதை எடுத்தே ஆகவேண்டும். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதித் தர முடியுமா? பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லும்படி ஒரு வரியும் வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வைத்தியர் ஒருவர் சரிபார்ப்பார்.