ஒரு யூனிட் கூடினதுக்கு அறுநூறு ரூபா

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து எழுதுகிறேன். லண்டனில் இருக்கும் தங்கச்சி போன மாதம் கோல் எடுத்து, "அண்ணா, கரண்ட் விலையை ஒரு வருசத்துக்குக் கட்டிப் போடவா, ஏறி இறங்க விடவா?" என்று கேட்டாள். அங்கே நிலையான ஒப்பந்தம் எடுக்காதவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருக்கா எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஒவ்ஜெம் விலையின் உச்ச வரம்பை மாற்றும். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே இலங்கையில் 2022 ஆகஸ்டில் 75 சதவீதம், அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதம் கூட்டினார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்துவிட்டு ஜூனில் 15 கூட்டினார்கள். கட்டிப் போட எங்களிடம் கயிறு ஏது?

அப்புறம்தான் மச்சான் ஞாபகம் வந்தார். அவர் வீட்டில் மூன்று பேஸ் இணைப்பு, இரண்டு ஏசி. நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறி, மீற்றரும் மாற்றி, பில் குறைந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரு விலை, இரவு 10.30 வரை உச்ச விலை, அதற்குப் பிறகு விடியும்வரை மலிவு. வெக்கையான கச்சான் காற்றுக் காலத்தில் இரா முழுக்க ஏசி ஓடும் வீட்டுக்கு இது லாபம்தான்.

நானும் மாறலாமா என்று பார்க்க, மகளின் பழைய கொப்பியில் இரண்டு கிழமை மீற்றரை எழுதினேன். 6.30க்கு ஒருக்கா, 10.30க்கு ஒருக்கா, விடிய ஒருக்கா. எங்கள் பாவனையில் பாதிக்குக் கிட்ட அந்த நாலு மணித்தியாலத்துக்குள்தான். சோறு, அயன், தண்ணி மோட்டர், டிவி எல்லாம் அப்போதுதான். கொப்பியைப் பார்த்த மனிசி, "ஆறரைக்குப் பிறகு நாங்க இருட்டுக்குள்ளயா இருக்கிற?" என்றா. சரி, யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும் பழைய கட்டணமே போதும் என்று விட்டுவிட்டேன். அதில் முதல் படிகளாவது மலிவு. மச்சானுக்கு முதல் யூனிட்டிலிருந்தே நேரத்து விலைதான்.

ஆனால் இந்தப் படி முறைக்கும் ஒரு குணம் உண்டு. ஆரையம்பதியில் அம்மா தனிய இருக்கிறா. 2025 ஜூன் கூட்டலுக்குப் பிறகு, 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 நாலரை ரூபா, அடுத்த 30 எட்டு ரூபா, நிலையான கட்டணம் 210 என்று இருந்தது. வரி சேர்க்காமல் 585 ரூபா. 2025 ஜூலையில் கச்சான் அடித்த அடியில் ஃபேன் அதிகமாக ஓடி, 61 வந்துவிட்டது. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறும்: 60 யூனிட்டும் 12.75, மிச்சம் ஒன்று 18.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183.50. "ஒரு யூனிட்டுக்கு அறுநூறு ரூபாவாடா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

—

அக்கரைப்பற்றிலிருந்து: நாங்கள் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறின ஆக்கள். நோன்பு மாதத்தில் சஹர் (விடியுமுன் சாப்பாடு) சமையல் மலிவு நேரத்தில் முடியும், நல்லது. ஆனால் நோன்பு திறந்த கையோடு உச்ச நேரம் தொடங்கிவிடும், வீடு நிறைய விருந்தாளிகள் வேறு. வோஷிங் மெஷினை 10.30க்குப் பிறகுதான் போடுகிறேன். அதன் சத்தத்தில் நித்திரை வராமல் உம்மா இன்னும் ஏசுறா. பில் கொஞ்சம் குறைந்தது உண்மை, உம்மாவின் ஏச்சை அதில் சேர்க்கவில்லை.

—

களுவாஞ்சிகுடியிலிருந்து: அம்மாவின் அந்த ஜூலை பில்லில் எத்தனை நாள் போட்டிருக்கு என்று பாருங்கள் அண்ணன். 60 என்பது 30 நாளுக்குரிய கணக்கு. மீற்றர் பார்க்கிறவர் 35 நாளில் வந்தால் அது 70 ஆகும். எனக்கு ஒருக்கா நாளைப் பிழையாகப் போட்டு வந்தது, பில்லைக் கொண்டுபோய்க் காட்டித்தான் திருத்தினேன்.

—

கல்லடி: பார்த்தேன் தம்பி, சரியாக 30 நாள்தான். இப்போது அம்மா மீற்றர் பெட்டிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறா. 50 தாண்டினால் அயனைத் தொட விடமாட்டா. நேற்று அங்கே தங்கிவிட்டு, அயன் பண்ணாத சேட்டைச் சுருக்கத்தோடு போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.