117 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை 230க்கு மாற்றிச் சுற்றலாமா?

திருமங்கலம் வாசகர்:
ஐயா, என்னிடமுள்ள பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. மதுரையில் மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்து, முதன்மைச் சுற்றை (வீட்டு மின்சாரம் நுழையும் கம்பிச் சுருளை) மட்டும் இருமடங்காக்கினால் போதுமா?

மேலூர் வாசகர்:
வோல்ட் கணக்குக்குப் போதும். மின்னோட்டம் பாதியாவதால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பையும் பாதியாக்கலாம். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் (அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவு) 20 சதவீதம் கூடும். 60 ஹெர்ட்ஸுக்கென இறுக்கமாகக் கணக்கிட்ட உள்ளகம் தெவிட்டு நிலைக்கு (மேலும் காந்தப்பாயத்தை ஏற்க இயலாத நிலைக்கு) போய், சூடேறி உறுமும். அதைத் தவிர்க்க முதன்மையில் மேலும் சுற்றுகளைச் சேர்த்தால், வால்வைச் சூடாக்கும் இழைகளுக்கான வோல்ட் குறையாதிருக்கத் துணைச்சுற்றுகளையும் (ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் தரும் சுருள்களையும்) அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். அதற்கு இடமிருப்பது ஐயமே.

மதுரை வாசகர்:
முதன்மைச் சுற்று பெரும்பாலும் உள்ளடுக்கில் இருப்பதால், எப்படியும் எல்லாவற்றையும் அவிழ்க்க நேரும். பழையதை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, சற்றுப் பெரிய உள்ளகத்தில் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள்.