கேஸ் போட்டும் போட்டும் கூலிங் நிற்கவில்லை: கம்ப்ரசர் மாற்றத்தான் வேண்டுமா?

சிறுசமையல்கூடம் எழுதியது:

வணக்கம். ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்கும் சிறு தொழில் என்னுடையது. சமையலறையில் இரண்டு கதவு வைத்த உயரமான ஸ்டீல் சில்லர் (உறையவிடாமல் குளிரில் மட்டும் வைக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. உள்ளே ஃபேன் காற்றைச் சுற்றவிடும் வகை. கம்ப்ரசர் அடிப்பக்கம், முன்னால் கம்பித் தடுப்பு.

சில மாதங்களாகச் சரியாகக் குளிரவில்லை. டிஸ்ப்ளேயில் 9, 10 என்று நிற்கிறது. முதலில் 3-இல் வைத்திருந்தேன், பிறகு குறைத்துக் குறைத்து 0-க்கே கொண்டுவந்துவிட்டேன். பலன் இல்லை. கம்ப்ரசர் இரவும் பகலும் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது.

மெக்கானிக் ஒருவர் வந்து கேஸ் குறைந்துவிட்டது என்று ஏற்றினார். சில வாரம் அருமையாகக் குளிர்ந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி கேஸ், மறுபடி சில வாரம்தான். இப்போது கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி என்கிறார். இரண்டு தடவையும் அவர் வருவதற்கு முந்தின இரவே அணைத்து, கதவைத் திறந்து வைக்கச் சொன்னார், அப்படியே செய்தேன். அது ஏதாவது விஷயமா என்று தெரியவில்லை, எதற்கும் சொல்லிவைக்கிறேன்.

என் தொழிலே இந்தப் பெட்டியை நம்பித்தான் நடக்கிறது. கம்ப்ரசர் மாற்றும் முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

கண்ணாடிக்கதவு எழுதியது:

முதலில் அந்தக் கம்பித் தடுப்பைக் கழற்றி, வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர் காயிலைப் பாருங்கள். எங்கள் பேக்கரியில் மாவுத் தூசி போர்வை மாதிரி அப்பிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தாலே பாதி வியாதி போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள்.

பழைய மெக்கானிக் எழுதியது:

சகோதரி, நீங்கள் கடைசியில் "எதற்கும்" என்று சொன்ன விஷயத்தில்தான் பதில் இருக்கிறது.

கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது வைத்தியமே இல்லை. உங்களிடம் வந்தவர் சோப்பு நுரையோ டிடெக்டரோ வைத்து லீக் தேடினாரா? நீங்கள் எழுதவில்லை, அதனால் தேடியிருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் சில வாரம் எப்படிக் குளிர்ந்தது? ராத்திரி முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைத்தீர்களே, அதனால்தான். உள்ளே கூலிங் காயில் மேல் கட்டியிருந்த ஐஸ் மொத்தமும் கரைந்திருக்கும். குணமாக்கியது அந்த ராத்திரி, பெயர் வாங்கியது கேஸ்.

இது நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சில்லரின் உள்காற்று 3, 4 டிகிரியில் இருந்தாலும் கூலிங் காயில் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதில் பனியாகப் படியும். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் பனியைக் கரைக்கத் தனி ஹீட்டர் கிடையாது. கம்ப்ரசர் நிற்கும்போது ஃபேன் மட்டும் ஓடி, உள்ளே இருக்கும் 3, 4 டிகிரிக் காற்றே பனியைக் கரைத்துவிடும். அதாவது கம்ப்ரசர் அவ்வப்போது நின்றே ஆக வேண்டும். அது நிற்காவிட்டால் பனி ஐஸாகி, காயிலின் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைத்துவிடும். காற்று போகாது. பெட்டி சூடாகும். நாம் செட்டிங்கை இன்னும் இறக்குவோம். 0-இல் வைத்தால் கம்ப்ரசர் நின்றாலும் உள்காற்றில் பனியைக் கரைக்கிற அளவுக்குச் சூடு இருக்காது. குளிரட்டும் என்று இறக்கியதே குளிரை அடைத்துவிடும்.

அதனால் செட்டிங்கை முதலில் 3-க்கு ஏற்றுங்கள். பொருளையெல்லாம் வேறு பெட்டிக்கு மாற்றி, அணைத்து, உள் ஃபேன் கவரைக் கழற்றிக் காயிலைப் பாருங்கள். கரைக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியமான சாட்சி. காயில் முழுக்க ஒரே சீராக ஐஸ் மூடியிருந்தால் கோளாறு காற்றிலோ, கதவிலோ, பனியைக் கரைக்கும் டீஃப்ராஸ்டிலோ இருக்கிறது. கேஸ் நுழைகிற பக்கம் கொஞ்ச இடத்தில் மட்டும் பனி, மீதி காயில் காய்ந்து கிடக்கிறது என்றால்தான் கேஸ் குறைவு என்று சந்தேகப்பட வேண்டும்.

கரைக்கக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டவே வேண்டாம். அலுமினியக் குழாய் மெல்லியது, ஒரு குத்து போதும், நிஜமாகவே கேஸ் போய்விடும். கதவைத் திறந்து வைத்து ஒரு டேபிள் ஃபேனைக் காட்டுங்கள்.

அப்புறம் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, கண்ணாடிக்கதவு சொன்ன கண்டன்சர். அது அடைத்திருந்தால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கதவு ரப்பர். ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள், பிடித்து இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே போகிறது. சுற்றிலும் பாருங்கள், கீழ் மூலைகளை விடாதீர்கள். மூன்றாவது, கரைந்த தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய். அது அடைத்தால் தண்ணீர் தட்டிலேயே தங்கி மறுபடி ஐஸாகும்.

கம்ப்ரசர் போய்விட்டது என்பதை நான் நம்பவில்லை. தேய்ந்த கம்ப்ரசர் ஒரு ராத்திரி ஓய்வுக்குப் பிறகு சில வாரம் பிரமாதமாக வேலை செய்யாது.

தராசுமுள் எழுதியது:

நான் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவள். பெட்டி சரியாகும்வரை உள்ளே இருக்கும் பொருளைப் பற்றியும் யோசியுங்கள். குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தது மைனஸ் 18-இல். சமைத்த உணவு, பால், இறைச்சி எதுவானாலும் 5 டிகிரிக்கு மேல் 4 மணி நேரம் தாண்டி இருந்திருந்தால் எறிந்துவிடுங்கள். வாசனை நன்றாக இருக்கிறது என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. நோய் தரும் கிருமிகள் பல மணமே காட்டாமல் பெருகும்.

டிஸ்ப்ளேயை மட்டும் நம்ப வேண்டாம். அது காட்டுவது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றை. கதவைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் தனித் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். உணவு எந்த டிகிரியில் இருக்கிறது என்பதை அது கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லும். காலையில் கதவைத் திறக்கும் முதல் ஆள் அதைப் பார்த்து நோட்டில் எழுதட்டும், மாலையில் ஒரு முறை. பெட்டி படுக்கப்போகிறது என்பது அந்த நோட்டில் பல நாள் முன்னாடியே தெரிந்துவிடும்.

இன்னொன்று. கொதிக்கக் கொதிக்கப் பெரிய பாத்திரத்தை உள்ளே வைக்கிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உணவை ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் ஆற வைத்து உள்ளே வையுங்கள். 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்தில் வந்துவிட வேண்டும், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். வெளியிலேயே மறந்து விட்டுவிடக் கூடாது. சூடான பாத்திரம் விடும் ஆவியும் அந்தக் காயிலில்தான் போய்ப் பனியாகப் படிகிறது.

சிறுசமையல்கூடம் எழுதியது:

அண்ணா, எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். கவரைக் கழற்றினால் உள்ளே காயிலே தெரியவில்லை, வெள்ளைச் சுவர் மாதிரி ஐஸ், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. டிரெயின் துளையில் காய்கறித் தோலும் பிசுபிசுப்பும் அடைத்திருந்தது, வெந்நீர் விட்டு எடுத்தேன். இடது கதவின் கீழ் மூலையில் ரப்பர் கிழிந்திருக்கிறது, தாள் தானாகவே கீழே விழுந்தது. கண்டன்சரில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. பிரஷ் வைத்து எடுத்தேன்.

இப்போது 3-இல் வைத்திருக்கிறேன். காலிப் பெட்டி 2 மணி நேரத்தில் 4-க்கு வந்தது. கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது! அந்தச் சத்தம் நிற்பதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று.

ஆனால் ஒரு சந்தேகம். கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் தடித்த குழாயில், கம்ப்ரசரைத் தொடும் இடம்வரை பனி பிடித்திருக்கிறது. இது சரிதானா? பின்னால் உள்ள பிளேட்டில் ஆர்290, 110 கிராம் என்று இருக்கிறது, பக்கத்தில் தீச்சுடர் வரைந்த மஞ்சள் முக்கோணம்.

தராசுமுள் எழுதியது:

தண்ணீர் டம்ளரில் என்ன காட்டுகிறது? பொருளை நிரப்பிய பிறகும் அது 5-க்குள் நின்றால்தான் நிம்மதி.

பழைய மெக்கானிக் எழுதியது:

பெட்டி நின்று ஓடுவது ரொம்பச் சந்தோஷம். ஆனால் அந்தப் பனியைச் சும்மா விடக் கூடாது. கூலிங் காயில் இப்போது சுத்தமாக இருக்கிறது, ஃபேனும் ஓடுகிறது. அப்படியும் கம்ப்ரசர்வரை பனி வருகிறது என்றால் கேஸ் கூடுதலாக இருக்கிறது என்றே தோன்றுகிறது. லீக்கே இல்லாத பெட்டியில் இரண்டு தடவை ஏற்றினால் வேறு என்ன ஆகும்? காயிலில் ஆவியாக முடியாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பும். அது உள்ளே எண்ணெயைக் கழுவிவிடும், வால்வை உடைக்கும். நல்ல கம்ப்ரசரை நாளடைவில் நிஜமாகவே கெடுத்துவிடும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்த மஞ்சள் முக்கோணம். ஆர்290 என்றால் புரொப்பேன், எரிவாயு. குளிர்விப்பதில் மிக நல்ல கேஸ், சுற்றுச்சூழலுக்கும் நல்லது, புதுப் பெட்டிகள் பலவற்றில் இதுதான். ஆனால் அளவு ரொம்பக் கறார். 110 கிராம் பெட்டியில் 20 கிராம் கூடினாலே ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம். பிரஷர் மீட்டரைப் பார்த்து உத்தேசமாகப் போடுகிற கேஸ் இல்லை இது, டிஜிட்டல் தராசில் எடை பார்த்துத்தான் போட வேண்டும். இன்னொரு பயமும் உண்டு. வந்தவர் ஆர்290-தான் ஏற்றினாரா, கையில் இருந்த வேறு கேஸான ஆர்134ஏவை ஏற்றினாரா? இரண்டும் கலந்திருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

எரியும் கேஸில் வேலை செய்யப் பயிற்சி எடுத்த ஒருவரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே கேளுங்கள்: பழைய கேஸை முழுக்க வெளியேற்றுவீர்களா, நைட்ரஜன் அடித்து லீக் பார்ப்பீர்களா, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையர் புதிதாகப் போடுவீர்களா, பம்ப் வைத்து வேக்குவம் எடுப்பீர்களா (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது), 110 கிராம் எடை போட்டு ஏற்றுவீர்களா? ஐந்துக்கும் ஆமாம் என்று சொல்பவரை வரச் சொல்லுங்கள். கேள்வி கேட்டதற்குக் கோபப்படுகிறவர் வேண்டாம். முந்தையவர் குழாயைக் குத்தி மாட்டும் வால்வை அங்கேயே விட்டுப் போயிருந்தால் அதையும் எடுத்துக் குழாயை முறையாக அடைக்கச் சொல்லுங்கள், அந்த வால்வுகள் நாளாக நாளாகக் கசியும். வேலை நடக்கும்போது அடுப்பெல்லாம் அணைந்திருக்க வேண்டும், எப்போதும் எரியும் சின்ன பைலட் சுடர் உட்பட. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பெட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது.

அதுவரை ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுசமையல்கூடம் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. பொருள் நிரப்பிய பிறகு டம்ளரில் 4 காட்டுகிறது. நோட்டும் போட்டுவிட்டேன். அந்த ஐந்து கேள்வியையும் கேட்டு ஒருவரை முடிவு செய்திருக்கிறேன், நாள் கொடுத்திருக்கிறார். கண்டன்சரை எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது? ரப்பரை ஒட்டிச் சமாளிக்க முடியுமா?

பழைய மெக்கானிக் எழுதியது:

நாள்காட்டியைவிடக் காயிலைப் பார்ப்பதே மேல். வறுக்கும் சமையலறையில் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். எண்ணெய்ப் புகை இல்லாத இடத்தில் மூன்று மாதம் தாங்கும். மென்மையான பிரஷை தகடுகள் போகும் திசையிலேயே இழுங்கள், குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். பிசுக்கு இருந்தால் அலுமினியத்துக்கு ஒத்துக்கொள்ளும் காயில் கிளீனர் வாங்குங்கள், அமிலம் வேண்டாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாதீர்கள், ஃபேன் மோட்டாரை நனைக்காதீர்கள், காய்ந்த பிறகு பிளக் போடுங்கள். அணைத்த பெட்டியை உடனே போடக் கூடாது. உள்ளே பிரஷர் சமமாக 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். அடிக்கடி மின்சாரம் போய் வருகிற இடம் என்றால் நேரம் தாழ்த்திப் போடும் ஸ்டெபிலைசர் நல்லது.

உள்ளே டப்பாக்களை ஃபேன் வாயில் ஒட்டி அடுக்காதீர்கள், பின்சுவருக்கும் இடைவெளி விடுங்கள்.

ரப்பரை ஒட்ட வேண்டாம், ஒட்டிய இடம் கல்லாகி மறுபடி இடைவெளி விடும். மாடல் எண்ணைச் சொல்லி முழு ரப்பராக வாங்குங்கள். மடித்து வந்திருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு நேராக்கிய பிறகு மாட்டுங்கள். மாட்டியதும் தாளை வைத்து நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். கீல் பக்கம் மட்டும் தளர்வாக இருந்தால் குறை ரப்பரில் இல்லை, கதவு தொங்கியிருக்கிறது. கீல் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கதவைத் தூக்கிப் பிடித்து இறுக்கினால் சரியாகிவிடும்.