84 வயது அப்பாவிடம் இப்போது போய்க் கேட்கலாமா?

சிப்புட்_தம்பி: அக்காவுக்கு 58. தோட்டத்து லயத்து வீட்டில் சின்ன வயசில் அப்பாவிடம் பெல்ட்டடி. 30 வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா இப்போது படுக்கை. "கடைசியா ஒரு தடவை வந்துட்டுப் போ"ன்னு அண்ணன் தினமும் வாட்ஸ்அப்பில். ஏன் அடித்தார் என்று நேரில் கேட்டுவிட அக்காவுக்கு ஆசை. எப்படிப் போவது? போலீஸ் ரிப்போர்ட் இனி செல்லுமா?

தாதி_ஈப்போ: தம்பி, அப்பாவுக்கு நினைவு தெளிவா என்று முதலில் கவனித்துக்கொள்பவரிடம் விசாரியுங்கள். மறதி நோய் இருந்தால் "நீ யாரு?" என்பார். அது பழைய அடியைவிட வலிக்கும். பலருக்குச் சாயங்காலம் குழப்பம் கூடும், காலையில் போங்கள். காது மந்தம் என்றால் கத்த வேண்டிவரும். பலகைச் சுவர், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

"ஏன் அடிச்சீங்க?" என்று ஆரம்பிக்கவே கூடாது. "அந்தக் காலத்துல யாருதான் அடிக்கல" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கேள்வியாக இல்லாமல், மூன்றே வரி தாளில் எழுதிப் படிக்கட்டும்: "பெல்ட்டால அடிச்சீங்க. பக்கிள் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் கை நடுங்குது. இதச் சொல்லத்தான் வந்தேன்." நாற்காலி வாசல் பக்கம், கார் சாவி கையில், 20 நிமிஷம் போதும். அண்ணன் அறைக்குள் வேண்டாம், அவர் சமாதானம் பேச வந்துவிடுவார். தீபாவளிக் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

கோர்ட்_மேசை: குற்ற வழக்குக்கு இங்கே மலேசியாவில் காலக்கெடு இல்லை, எந்த போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். ஆனால் சாட்சி இல்லாமல் 45 வருஷக் கதை கோர்ட் வரை போவது கஷ்டம். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு 6 வருஷம்தான். சிறுவயதுச் சம்பவம் என்றால் 18 வயதிலிருந்து கணக்கு. அது எப்போதோ போய்விட்டது.

இன்னொன்று. உயில் இல்லாவிட்டால் 1958 பங்கீட்டுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு. பேசாமல் இருந்ததால் பங்கு போகாது. போன இடத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் அன்றே கையெழுத்துப் போட வேண்டாம்.

தோட்டத்து_டீச்சர்: போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே! உதவ நினைத்தால் பெம்பர்ஸ், பால்மாவுக்கு அண்ணன் கணக்கில் காசு போடலாம். முகம் பார்க்கத் தேவையில்லை. போவதற்கு முன்பே தூக்கம் கெட்டால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-க்கு அழைக்கட்டும், காலை 8 முதல் நள்ளிரவு வரை. கிளினிக் கெசிஹாத்தானிலும் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) கவுன்சலிங்குக்கு வழி கேட்கலாம்.

சிப்புட்_தம்பி: நன்றி. அண்ணனுக்கு என்ன பதில் போடுவது?

தாதி_ஈப்போ: "யோசிச்சுட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும் கேக்காதீங்க." இவ்வளவுதான். காரணம் எழுதினால் அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார்.