பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயர்: எல்.டி.யா, சாதாவா? அவசரம்

கருங்கல்_புதுசு
அண்ணமாரே, அக்காமாரே, கொஞ்சம் அவசரம். பிக்கப் டயர் கடையில நிக்கி. நாலும் தேஞ்சு போச்சு, இத வச்சு இனி ஓட்டப்பிடாதுன்னு கடையில சொல்லிட்டாவ. ஆல் டெரெய்ன், அதாவது தார் ரோட்டுக்கும் மண் ரோட்டுக்கும் சேத்து ஓடுற டயர், போடலாம்னு இருக்கேன். ரெண்டு டயர் காட்டுதாவ. ஒண்ணுல அளவுக்கு முன்னால எல்.டி.ன்னு இருக்கு, மத்ததுல இல்ல. வெலையில நல்ல வித்தியாசம். சாயங்காலம் 5 மணிக்குள்ள பதில் சொல்லணும். எத எடுக்க?

குளச்சல்_மஸ்கட்
தம்பி, எல்.டி.ன்னா லைட் டிரக், பார வண்டிக்குள்ள கனத்த டயர். அது கெடக்கட்டு, மொதல்ல தேதியப் பாரு. பக்கச்சுவர்ல டாட்னு (DOT) தொடங்குற நம்பர் இருக்கும், அதுக்க கடைசி 4 இலக்கம். 3524ன்னா 2024ல 35ஆவது வாரம் செஞ்சது. முழு நம்பர் ஒரு பக்கத்துலதான் இருக்கும், தெரியலன்னா டயரத் திருப்பிக் காட்டச் சொல்லு. இந்த வெயில்ல பட்டன் (ரோட்டுல படுற ரப்பர் கட்டை) நல்லா இருந்தாலும் வயசான ரப்பர் வெடிச்சுப் போவும்.

மணல்ல எறங்கும்போ காத்த 15லருந்து 18 பி.எஸ்.ஐ.க்கு எறக்கு. ரோட்டுக்கு ஏறுன ஒடனே திரும்ப அடி. காத்து கொறஞ்ச டயர் வேகத்துல ஓடினா பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், உள்ள இருக்க கம்பி அடுக்கு (பெல்ட்) பிரிஞ்சிரும். 12 வோல்ட் கம்ப்ரசரும் ஒரு நல்ல கேஜும் வண்டியிலயே கெடக்கணும்.

தக்கலை_டீசல்
எல்.டி., அதுலயும் லோடு ரேஞ்ச் இ, கூடப் பாரம் தாங்குற ரகம். வேற யோசிக்கவே வேண்டாம். ஆல் டெரெய்ன்னு பேரு இருந்து உள்ள கார் டயர் போல மெலிசா இருந்தா ஜல்லி ரோட்டுல பக்கச்சுவர் கிழியும். அங்க கிழிஞ்சா ஒட்டுப் போட முடியாது, டயர் போச்சு. இ-ன்னா பழைய கணக்குல 10 பிளை (அடுக்கு), 80 பி.எஸ்.ஐ. வரைக்கும் அடிக்கலாம். டிரெய்லர் இழுக்கும்போ வண்டி ஆட்டமும் கொறையும்.

குழித்துறை_அக்கா
டீசல் அண்ணே, அந்தத் தம்பி ஜல்லி ரோட்டுல போறாரான்னே தெரியல. இ ரேஞ்ச்ல டயர் ஒண்ணுக்கு 4, 5 கிலோ கூடும். பின்பெட்டி காலியா டவுனுக்குள்ள ஓடுற வண்டிக்கு அது வெறும் பாரம். குலுக்கம் கூடும், எரிபொருளும் கூடச் செலவாகும்.

இன்னொண்ணு யாரும் சொல்லல. சாதா டயருக்குக் கதவுல எழுதின காத்த எல்.டி.க்கும் அப்படியே அடிக்கக் கூடாது. அதே பாரத்தத் தாங்க எல்.டி.க்குக் காத்து கூட வேணும், அதுக்குத் தனி அட்டவணை உண்டு. நெறைய கடையில அதப் பாக்காமலே 35 அடிச்சு அனுப்பிடுறாங்க. கனமான டயர்தானே போட்டோம்னு நம்பி முழு பாரம் ஏத்துனா, குறைஞ்ச காத்துல ஓடுற டயர்தான் அது.

இரணியல்_வின்னிபெக்
எதுவா இருந்தாலும் புதுசா வந்த ஆளுக்கு இந்தச் செலவு எப்ப வருதுன்னு பாருங்க. வாடகை டெபாசிட், இன்சூரன்ஸ், குளிருடுப்பு எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்கும், அதுக்கு மேல டயர். பலகையில போட்டிருக்க வெல முழுசும் கெடையாது. மாட்டுக்கூலி, பேலன்ஸ், வால்வு, பழைய டயரக் கழிக்க ஒரு கட்டணம், வரி எல்லாம் பில்லுல ஏறும். ஊர்ல பஞ்சர் கடை வாசல்ல வண்டிய நிறுத்தினா அரை மணிக்கூர்ல வேல முடியும். இங்க கனடாவுல நேரம் வாங்கிட்டுக் காத்து நிக்கணும்.

தக்கலை_டீசல்
மொத பனி விழுந்த வாரம் நேரமே கெடைக்காது. அந்தச் சமயம் பாத்து இருக்கதத் தலையில கட்டுவாவ.

குளச்சல்_மஸ்கட்
பனியா? தம்பி கல்ஃப்ல இல்லியா?

குலசேகரம்_ஷீட்
எந்த நாடுன்னு தெரியணும், ஏன்னா ரப்பர் கூட்டே அதுக்குத் தக்கன மாறும். நம்ம குலசேகரம், கீரிப்பாறை பக்கம் வெட்டுற பால்ல வர்ற இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி பக்கம் போனாத்தான் கண்ணாடி போல இறுகும். டிரெட்டுக்கு, அதாவது ரோட்டுல படுற பகுதிக்குப் போடுற செயற்கை ரப்பர்ல பல வகை அதுக்கு ரொம்ப முன்னாலயே விறைக்கும். கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழ போனாலே பிடி கொறைய ஆரம்பிக்கும். அதனாலதான் குளிர் டயர்ல இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூட்டிப் போடுறாங்க. அதே இளக்கமான கூட்டு மஸ்கட் ரோட்டுல ஓடினா சீக்கிரம் தேஞ்சு போவும். பட்டன் எவ்வளவு பெருசுன்னு மட்டும் பாத்து வாங்கினா இது தெரியாது.

நாகர்கோவில்_கால்கரி
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. தம்பி, மணி ஓடுது. இத மட்டும் சொல்லுங்க: எந்த ஊரு, எந்த வண்டி, எந்த வருசம்? டிரைவர் கதவத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல உள்ள டயர் அளவும் காத்தும் என்ன? டிரெய்லர் இழுப்பீங்களா, தினமும் ஜல்லி ரோடு உண்டா? குளிருக்குத் தனி டயர் செட் இருக்கா?

கருங்கல்_புதுசு
மன்னிக்கணும் அண்ணே, பதட்டத்துல ஒண்ணும் சொல்லல. கனடா, ஆல்பர்ட்டா, ரெட் டீர். 2018 ஃபோர்டு எஃப்-150, 4x4, பழைய வண்டியா வாங்கினது. ஸ்டிக்கர்ல 275/65ஆர்18, 35 பி.எஸ்.ஐ. டிரெய்லர் இல்ல. தார் ரோடுதான், பெட்டியில டூல்ஸ் கொஞ்சம் கெடக்கும். வேலைக்கு எப்பமாவது பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் போகணும். வேற டயர் செட் இல்ல. ரெண்டு மட்டும் இப்ப மாத்திட்டு மத்தத அடுத்த மாசம் மாத்தலாமா?

நாகர்கோவில்_கால்கரி
அப்போ எல்.டி. வேண்டாம். அளவு 275/65ஆர்18, பின்னால 116டி போல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 116ங்கிறது பாரக் குறியீடு, ஒரு டயர் 1250 கிலோ தாங்கும். உங்க வண்டிக்கும் டூல்ஸுக்கும் அது தாராளம். ஸ்டிக்கர்ல பாரக் குறியீடு இருந்தா அதுக்குக் கீழ போகாதீங்க. எல்.டி.ல இதே அளவு இ ரேஞ்ச் 123/120 வரும், உங்க வண்டி போல ஒரு பக்கத்துக்கு ஒத்த டயரா ஓடினா 123, அதாவது 1550 கிலோ. தெனமும் ஜல்லியோ கனத்த டிரெய்லரோ வந்தா டீசல் அண்ணன் சொன்னதுதான் சரி. அப்போ அக்கா சொன்ன அட்டவணையைக் கடையில திறந்து காட்டச் சொல்லி, முழு பாரத்துக்கு 50 பக்கம் காத்து வைக்கணும்.

ஒரு விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. பக்கச்சுவர்ல மூணு முகடு உள்ள மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் பொறிச்சிருக்கணும். எம்+எஸ்-னு (சேறு, பனி) மட்டும் இருந்தா அது பட்டன் அமைப்பப் பாத்துப் போடுறது, பனியில சோதிச்சதா அர்த்தமில்ல. ஃபால்கன் வைல்ட்பீக் ஏ/டி3டபிள்யூ, டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏ/டி 3, பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 எல்லாம் மலைக்குறியோட வர்றது. ஆனாலும் உங்களுக்கு எடுத்து வச்ச டயர்லயே கண்ணால பாத்துக்கிடுங்க. பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) மலைப்பாதைகள்ல அக்டோபர் 1லருந்து, பெரும்பாலும் ஏப்ரல் 30 வரைக்கும், இந்தக் குறியோ எம்+எஸ்-ஸோ வேணும், பட்டன் ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் கொறையாம இருக்கணும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். அந்த மலைக்குறி இறுகிய பனியில இழுவை சோதிச்சதுக்கு உள்ளது. ஐஸ்ல பிரேக் பிடிச்சுப் பாத்துக் குடுத்தது இல்ல. விடியக்காலம் ஹைவே 2-ல கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸ் கெடந்தா எந்த ஆல் டெரெய்னும் நல்ல குளிர் டயருக்கு ஈடாகாது. இந்தக் குளிரத் தாண்டினதும் பழைய ரிம்மோட ஒரு குளிர் செட் தேடுங்க. ரெண்டு செட்டும் மாறி மாறி ஓடினா ரெண்டுமே கூட நாள் நிக்கும்.

ரெண்டு மட்டும் மாத்தாதீங்க. 4x4 போட்டா, நாலு சக்கரமும் இழுக்கும்போ, முன்னும் பின்னும் ஒரே சுத்துல ஓடணும். புதுசும் தேஞ்சதும் சுத்தளவுல வேற. அந்த வித்தியாசம், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியப் பிரிக்குற டிரான்ஸ்பர் கேஸ்ல போய் முறுக்கும்.

குழித்துறை_அக்கா
தம்பி, பழைய டயரக் கழட்டினதும் தூக்கிப் போட விடாதீங்க, கையால தடவிப் பாருங்க. நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து கூட அடிச்ச வண்டி. ரெண்டு ஓரமும்னா காத்து கொறைவு. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் சரியில்ல, அதச் சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் அப்படியே தேயும். குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரப் பாக்கணும்.

குலசேகரம்_ஷீட்
காத்து விஷயத்துல இன்னொண்ணு. 20 டிகிரி உள்ள கடைக்குள்ள 35 அடிச்சுட்டு வெளிய மைனஸ் 30ல நிறுத்தினா 8, 9 பி.எஸ்.ஐ. கொறையும். ஓட்டை விழல, காத்து சுருங்குது அவ்வளவுதான். வெளிய ராத்திரி நின்ன வண்டியில, காலையில ஓட்டுறதுக்கு முன்னால கேஜ் வச்சுப் பாத்து 35க்குக் கூட்டுங்க. வெயில் வந்ததும் மறக்காம எறக்கணும்.

கருங்கல்_புதுசு
எல்லாருக்கும் நன்றி. சாதாதான், 116டி, மலைக்குறி இருக்கு, தேதியும் இந்த வருசம். நாலும் சொல்லிட்டேன். அலைன்மென்ட்டும் பாக்கச் சொல்லியாச்சு. இனி ஏதாவது கவனிக்கணுமா?

தக்கலை_டீசல்
சாதா போதும்னு இப்ப நானும் சொல்லுதேன், டிரெய்லர் இல்லியே. சக்கர நட்ட அவங்க இஷ்டத்துக்கு முறுக்க விடாத. உன் வண்டிக்கு 150 அடி-பவுண்டு, அதாவது 204 நியூட்டன் மீட்டர். இம்பாக்ட் கன்ன வச்சு இஷ்டத்துக்கு இறுக்கினா போல்ட்டு நீளும், டிஸ்க்கும் கோணும். கடைசியில டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கச் சொல்லு, கூட நின்னு பாரு. 160 கி.மீ. ஓடுறதுக்குள்ள திரும்பக் கொண்டு போய்ச் சரி பாக்கணும், மெனக்கெடுன்னு விட்டுராத. பெறவு 8,000 கி.மீ.க்கு ஒருக்கா முன்னும் பின்னும் மாத்திப் போடு. காலையில ஒரு தடவ ஸ்டெப்னியையும் கீழ எறக்கிக் காத்து இருக்கான்னு பாத்துரு, பழைய வண்டியில அதத் தூக்கி வைக்குற கேபிள் துரு பிடிச்சு இறங்காமலே கெடக்கும்.