டேங்குக்கு எத்தனை கிராம்?

வேளாண்மை படித்தவர்:

கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். எங்கள் குழுவுக்குப் பெரம்பலூர் பக்கம் ஓர் ஊர். 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்த சமயம். துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தேர்வுத்தாள் மாதிரியே எழுதினேன்: அறிவியல் பெயர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது வந்த கதை, வாழ்க்கைச் சுழற்சி, கடைசியில் பூச்சிமருந்து, ‘எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி., லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம்’. எனக்கே பெருமையாக இருந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “தம்பி, டேங்குக்கு எத்தனை கிராம்னு போடலையே?”

பத்து லிட்டருக்கு 4 கிராம் என்றேன்.

“நம்மகிட்ட இருக்கறது மருந்தடிக்கிற பதினாறு லிட்டர் பேட்டரி டேங்க். தராசுக்கு எங்க போறது?”

அன்று ராத்திரியே திரும்ப எழுதினேன். 100 கிராம் பாக்கெட் வாங்கினால் பதினாறு லிட்டர் டேங்க் 15 வரும். மருந்து இலை மேல் பட்டால் போதாது, குருத்துக்குள் இறங்க வேண்டும். புழு அங்கேதான் இருக்கும். ஐந்தே வரி. அறிவியல் பெயர் போயே போச்சு.

அதே ஜோரில் பயிற்சி அறிக்கையிலும் ‘டேங்க்’ என்று எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு மை வாங்கினேன். ஹெக்டேர் கணக்கு எங்கே என்றார். அதுவும் நியாயம்தான். வேறு ஊரில் இதையே செய்து பார்ப்பவருக்கு என் டேங்கைப் பற்றி என்ன தெரியும்?

சட்டம் படித்தவர்:

உங்களுக்காவது பெரியவர் நேரில் கேட்டார். எனக்குத் தபாலில் வந்தது. சட்ட உதவி மையத்துக்கு வந்த ஓர் அக்காவின் பட்டா மனு என்ன ஆனது என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிப் பழகிய கை. இரண்டு பக்கம் முழங்கி, ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று முடித்தேன். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கையிலிருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். வகுப்பில் படித்ததுதான், எழுதும்போது மறந்துவிட்டது.

சீனியர் அண்ணன் நான்கு வரியாகச் சுருக்கினார்: மனு எண், தேதி, கோப்புக் குறிப்புகளின் நகல், இப்போது யாரிடம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினோம். முப்பது நாளுக்குள் நகல் வந்தது.

மருத்துவம் படிப்பவர்:

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பற்றித் தேர்வில் கேட்டால் சோடியம் 75 மில்லிமோல் என்று ஆரம்பிப்பேன். வார்டுச் சுவரில் ‘ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீர்’ என்று எழுதி ஒட்டினோம். ஓர் அம்மா முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கரைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். “லிட்டர்னா எத்தனை டம்ளர் பாப்பா?” என்றார். இப்போது லிட்டர் பாட்டில் படம் வரைந்திருக்கிறோம். கழுத்து வரையா, மூடி வரையா என்று நேற்று ஒருவர் கேட்டார்.