விசுவாசம் தடுமாறுகிறவரோடு உடன் நடக்கும்போது: சந்திப்புகளில் நடப்பவை

விசுவாசம் தடுமாறும் ஒருவர் ஆன்மிகத் துணையாளரிடம், அதாவது கூட இருந்து கேட்பவரிடம், வரும் முதல் சந்திப்பில் சொல்ல வந்ததைப் பெரும்பாலும் சொல்லமாட்டார். வேலை, குடும்பம், சபையின் பாடகர் குழு என்று சுற்றிவிட்டு, கிளம்ப எழும்போதுதான் "நான் இப்பல்லாம் ஜெபிக்கிறதே இல்ல" என்று வாயிலிருந்து விழும். அப்போது நேரமும் முடிந்திருக்கும். அதனால் ஒரு மணி நேரச் சந்திப்பு என்றால் 45ஆவது நிமிடத்திலேயே, "இன்னும் கால் மணி நேரம் இருக்கு. சொல்லாம விட்டது ஏதாவது இருந்தா இப்ப சொல்லலாம்" என்று சொல்லிவிடுவது நல்லது. இருவர் கண்ணிலும் படுகிற இடத்தில் கடிகாரம் இருக்கட்டும். துணையாளர் மட்டும் ஓரக்கண்ணால் மணி பார்த்தால், சலித்துவிட்டார் என்றே எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள். அழுகை வரும்போது பார்வையைத் திருப்ப ஓர் இடம் வேண்டும்.

"ஜெபிக்கிறதே இல்ல" என்றதும் "ஏன்?" என்று கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும், அவர் உடனே காரணம் தயாரிக்க ஆரம்பிப்பார். "நின்னுபோன அந்த நாட்களைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டால் நடந்தது வரும். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பத்து விநாடி மௌனம் துணையாளருக்குப் பத்து நிமிடம்போல் இருக்கும். அதைத் தாங்க முடியாமல் ஒரு வசனத்தை எடுத்துப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வசனம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இனி இவரிடம் பதில்தான் கிடைக்கும், காது கிடைக்காது என்று வந்தவர் முடிவு செய்துவிடுகிறார். பலர் இரண்டாம் முறை வராததற்கு இதுவே காரணம்.

* * *

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் வரம்புகளைச் சொல்லிவிட வேண்டும்: இது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) அல்ல, மனநல சிகிச்சையும் அல்ல. மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். மூன்று முறை சந்தித்தபின் தொடரலாமா என்று இருவரும் பேசி முடிவெடுப்போம். இங்கே பேசுவது பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ வீட்டாருக்கோ போகாது. இரண்டே விலக்கு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றால், நான் பேசாமல் இருக்க முடியாது.

இந்தக் கடைசிப் பகுதியைக் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். பிறகு அப்படி ஒன்று வெளிவரும்போது "ஏமாற்றிவிட்டீர்களே" என்ற பேச்சு வருகிறது.

ரகசியம் காப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 240ஆம் விதியைப் பாருங்கள். குருவாகப் பயிற்சி பெறும் குருமாணவர் ஒருவருக்குத் திருப்பட்டம் கொடுப்பதா, அவரை வெளியே அனுப்புவதா என்று தீர்மானிக்கும்போது, அவரை ஆன்மிகத்தில் வழிநடத்தும் ஆன்ம குருவின் கருத்தை ஒருபோதும் கேட்கக் கூடாது. உள்ளத்தைத் திறந்து காட்டிய இடமே தீர்ப்பு சொல்லும் இடமாக ஆகிவிட்டால், அதன்பின் யாரும் உண்மை பேசமாட்டார்கள். அம்மா போன் செய்து "என் பையன் கோவிலுக்குத் திரும்புவானா ஃபாதர்?" என்று கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும். "அதை நீங்க அவர்கிட்டயே கேளுங்கம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அந்தத் தாயின் தவிப்பு உண்மையானது. அவருக்கும் ஒரு துணை தேவைதான். அது வேறொருவராக இருக்க வேண்டும்.

* * *

வசனம் போடுவது பற்றி மேலே வந்தது. வேதாகமத்திலேயே இதற்கு மாதிரி இருக்கிறது. எம்மாவு போகிற வழியில் இரண்டு பேர் நம்பிக்கை உடைந்து நடக்கிறார்கள் (லூக்கா 24). கூடச் சேர்ந்து நடக்கும் இயேசுவுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் "எவைகள்?" என்றுதான் கேட்கிறார். அவர்கள் முழுக் கதையையும் கொட்டி முடித்தபிறகே வேதத்தை விளக்குகிறார். ஊர் நெருங்கியதும் அப்பால் போகிறவர்போல் காட்டிக்கொள்கிறார். அவர்கள் வற்புறுத்தி அழைத்த பின்பே வீட்டுக்குள் போகிறார்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்ததும்தான் கெட்டது.

தோமாவைச் 'சந்தேகத் தோமா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். யோவான் 20ஐ நிதானமாகப் படித்தால், "விசுவாசிக்கமாட்டேன்" என்று சொன்ன எட்டு நாளுக்குப் பிறகும் அவர் அதே வீட்டில் மற்றச் சீடர்களோடு இருக்கிறார். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. 'பின்மாற்றக்காரன்' என்ற முத்திரையும் விழவில்லை. விசுவாசம் வராத அந்த எட்டு நாளும் அவருக்கு அந்த அறையில் இடம் இருந்தது. துணையாளர் தரக்கூடியது அந்த இடம்தான்.

* * *

எல்லாச் சந்தேகமும் ஒரே வகை அல்ல. "கடவுள் ஏன் குழந்தைகளைச் சாக விடுகிறார்?" என்று ஒருவர் கேட்டால் இறையியல் விளக்கம் தொடங்குவதற்கு முன், "யாரையாவது மனசுல வச்சுக் கேக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். பாதிச் சமயம் ஒரு பெயர் வரும். பெயர் வந்தால் அது துக்கம், அதற்கு விளக்கம் பயன்படாது. பெயர் வராமல், நற்செய்திகளுக்கு இடையிலான முரண்பாடு, நரகம், பரிணாமம் என்று போனால் அது அறிவின் தேடல். அதற்கு நல்ல புத்தகமும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் வேண்டும். அவரிடம் போய் "உங்களுக்கு ஏதோ காயம் இருக்கு" என்று தோண்டுவது அவமதிப்பு.

ஜெப வாழ்வில் வரும் ஆழ்ந்த வறட்சியைக் குறிக்கும் 'இருண்ட இரவு' என்ற சொல்லை இப்போது எதற்கெடுத்தாலும் சொல்கிறார்கள். ஸ்பானியத் துறவியான சிலுவையின் புனித யோவான் 16ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு மூன்று அடையாளங்கள் தந்தார்: இறைக் காரியங்களிலும் மற்ற எதிலும் இனிமை இல்லை, கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற வேதனை விடாமல் இருக்கிறது, முன்போல் கற்பனையோடு தியானிக்க முடியவில்லை. மனச்சோர்வு நோயை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதிலும் அவர் கவனமாக இருந்தார். நமக்கு அந்தக் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். தூக்கமும் பசியும் மாறி, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் அன்றைக்குச் சந்திப்பு அதோடு முடிந்தது, தனியாக அனுப்பக் கூடாது.

இன்னொன்று. அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் அனுபவித்த உள் இருளைப் பற்றிய கடிதங்கள் 2007இல் வெளிவந்தன. பிரெஞ்சுத் துறவியான லிசியே தெரேசா 1896 ஈஸ்டர் முதல் 1897 செப்டம்பரில் இறக்கும்வரை விண்ணகம் என்ற நினைப்பே எட்டாமல் தவித்தார். இவற்றைச் சொல்லித் தேற்றத் தோன்றும். அவராகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முந்திக்கொண்டு சொன்னால், "உங்க சந்தேகமும் கடைசியில விசுவாசத்துலதான் முடியும்" என்று அவருக்காக நாமே முடிவு எழுதியதாகிவிடும்.

* * *

எல்லோருக்கும் இடம் உண்டு என்று சொல்வது சுலபம். தன்பால் ஈர்ப்புள்ளவர், திருநங்கை, திருநம்பி, மணமுறிவு பெற்றவர், வேறு மதத்தவரை மணந்தவர் ஆகியோருக்கு விசுவாசம் தடுமாறக் காரணம் பெரும்பாலும் கடவுள் அல்ல, கடவுளின் பெயரால் கேட்ட வார்த்தைகள். அவர்கள் வந்ததும் வார்த்தைகளை எடைபோடுவார்கள். தம்மை எப்படி அழைக்கச் சொல்கிறார்களோ அப்படியே அழையுங்கள். 'மாற்றிவிடலாம்' என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தால் இந்தப் பணிக்கு உட்காரவே கூடாது. உங்கள் நம்பிக்கை அதற்கு இடம் தராவிட்டால் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே மரியாதையாகச் சொல்லி, வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள். மூன்றாம் சந்திப்பில் தெரியவந்தால் அது இரண்டாம் காயம்.

ஊழியக்காரரால் பாலியல் தீங்குக்கு ஆளானவரிடம் மன்னிப்பைப் பற்றி நாமாகப் பேச்செடுக்கக் கூடாது. அந்த நபரோடு உட்கார வைத்துச் சமாதானம் பேசும் ஏற்பாடு கூடவே கூடாது. சந்திக்கும் இடத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும், சிலருக்கு ஆலய வளாகத்துக்குள் கால் வைத்தாலே உடல் நடுங்கும். 'பிதா' என்ற சொல்லில் தொடங்கும் ஜெபமும் சிலருக்குத் தாங்காது. அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் ஜெபிப்பதா, ஒரு நிமிடம் சும்மா இருப்பதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* * *

"மனம் வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே" என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த விதியை இங்கே தவறாகப் பயன்படுத்துகிறார்கள். தீங்கு செய்யும் சபையிலிருந்து ஒருவர் வெளியேறப் பார்க்கும்போது இதைச் சொல்லித் தடுப்பது அநியாயம். அடிவிழும் இடத்தைவிட்டு விலகுவது ஆன்ம வறட்சியில் எடுத்த அவசர முடிவு ஆகாது. இஞ்ஞாசியாரே தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் 15ஆம் குறிப்பில், பயிற்சி தருபவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள்போல் நடுவில் நிற்க வேண்டும், படைத்தவரே நேரடியாக அந்த ஆன்மாவோடு பேசட்டும் என்கிறார். அந்தக் குறிப்பைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

துணையாளருக்கும் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அங்கே, தம்மிடம் வந்தவரின் பெயரைச் சொல்லாமல், அவர் பேச்சைக் கேட்கும்போது தமக்குள் என்ன நடந்தது என்பதைப் பேச வேண்டும். நள்ளிரவுக் குறுஞ்செய்திகளுக்குப் பதில் போட ஆரம்பித்திருந்தால், அல்லது "இவரை எப்படியாவது மீட்கணும்" என்று தூக்கம் கெட்டிருந்தால், அதை அங்கே கொண்டுபோக வேண்டும்.

ஜெபிக்க முடியாதவருக்கு என்ன கொடுப்பது என்று கேட்பார்கள். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பார்க்கச் சொல்லலாம். துதியில் திரும்பாமல் புலம்பலிலேயே முடிகிற சங்கீதம் அது. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9இல் ஒரு தகப்பன் கதறுகிறாரே, சிலருக்கு அந்த ஒரு வரி போதும். எதுவும் வேண்டாம் என்றால் எதுவும் கொடுக்க வேண்டாம்.

"இனி நான் கிறிஸ்தவன் இல்லை" என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் போனில் முடித்துக்கொள்ளாமல் ஒரு கடைசிச் சந்திப்பு வையுங்கள். இதுவரை பேசியதில் எது அவருக்கு உதவியது, எது வலித்தது என்று கேட்டு, தவறு நம்முடையது என்றால் மன்னிப்புக் கேளுங்கள். ஆசீர்வதிக்கட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் வாசல்வரை கூடப் போய் அனுப்பிவிட்டு வாருங்கள்.